ஆர்.சி.யில் நாலாவது ஓனர்: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்களும் விற்றவர்களும் சொல்லுங்கள்

சென்னை, இழையைத் தொடங்கியவர்

என் வண்டி ஒரு ஜெர்மன் இரண்டு சீட்டர், கூரை மடங்கும் ரகம். 2014 மாடல். நான் வாங்கியபோது 27,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஆனால் என் பெயர் ஏறியபோது ஆர்.சி.யில் ஓனர் வரிசை எண் 4. "மூணு பேர் வேண்டாம்னு தள்ளிவிட்டதை நீ எதுக்குடா தலையில கட்டிக்கிற?" என்று அம்மா கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை. இரண்டரை வருடம் கழித்து இப்போது நானே விற்பனை விளம்பரம் போட்டிருக்கிறேன். வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் என் கதை. வாங்கிய புதிதில் ஞாயிறு தோறும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போவேன். அங்கே ஒரு காபி. வெயில் ஏறுவதற்குள் வீடு. கூரையைத் திறந்தால் கோவளம் தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அதற்காகவே வாங்கினேன், அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மார்ச் வந்தது, கூரையைத் திறக்க முடியாத வெயில். அது முடிந்தால் ஐப்பசி மழை. மிச்சம் இருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. சென்னையில் கூரை மடங்கும் கார் வருடத்தில் பத்து வாரம்தான் கூரை மடங்கும் கார். மற்ற நாளெல்லாம் அது டிக்கி இல்லாத கார்.

வேகத்தடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிறபடி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். என் வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் சொச்சம், எனவே காகிதத்தில் தாண்டிவிடும். எங்கள் தெருவில் போட்டவர் காகிதம் பார்த்துப் போடவில்லை. மனைவியை இறக்கிவிட்டு, வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனில் கை வைத்தபடி நிற்பார். நான்காவது தடவை மனைவி இறங்க மறுத்தாள். ஐந்தாவது தடவை வீட்டிலேயே, ஏறவே மறுத்தாள்.

இதற்கிடையில் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அவ்வளவு தாழ்வான சீட்டில் அவரால் உட்கார்ந்து எழ முடியாது. அப்புறம் மகள் பிறந்தாள். இரண்டரை வருடத்தில் நான் ஓட்டியது 5,800 கிலோமீட்டர். "விற்கக் காரணம் குடும்பச் சூழல், வண்டியில் ஒரு கோளாறும் இல்லை" என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பேர் ஏன் விற்றார்கள் என்பதுதான் இன்னும் புரியவில்லை. நீங்கள் ஏன் விற்றீர்கள்?

கோவை

என்னை விற்க வைத்தது செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்.

300 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டி. அவிநாசி சாலையில் அதன் பலத்தில் கால்வாசியைக்கூட எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். சரி, ட்ராக்கில் பார்த்துவிடுவோம் என்று போனேன். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். நேர்ப்பாதையில் மிதித்தால் கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிரேக்கைப் போட்டு அமுக்க வேண்டும். வண்டி கனம். மதியத்துக்குள் பிரேக் பேடு புகைய ஆரம்பித்தது. முன் டயர் இரண்டின் ஓரமும் பூந்துருவலாக உதிர்ந்தது. அதே நாளில் ஒரு கல்லூரிப் பையன் பழைய ஹேட்ச்பேக்கில், பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் என் உள்பக்கமாக மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு என் முகத்தில் இல்லை.

அடுத்த மாதம் விற்றுவிட்டேன். இப்போது என்னிடமும் ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கிறது. சின்ன என்ஜினை முழுசாகப் பிழிந்து ஓட்டுகிற சுகம் பெரிய என்ஜினைக் கடிவாளம் போட்டு ஓட்டுவதில் கிடையாது. மஸ்டா 1989இல் எம்எக்ஸ்-5 என்று ஒரு குட்டிக் காரை 1.6 லிட்டர் என்ஜினோடு கொண்டுவந்து, 2016க்குள் பத்து லட்சம் செய்துவிட்டார்கள். இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் உலகத்திலேயே அதிகம் விற்றது அதுதான். காரணம் இந்தச் சுகம்தான் என்று நினைக்கிறேன். மஸ்டா இந்தியாவில் விற்பதில்லை என்பது என் தனிப்பட்ட சோகம்.

லண்டன், ஹரோ பக்கம்

எங்கள் ஊரில் இதற்குப் பருவகாலமே உண்டு. நான் 2019 நவம்பரில் ஒரு சின்னத் திறந்த கார் வாங்கினேன். மழையும் குளிருமாக இருக்கும்போது கூரை மடக்கும் காரை ஒருவரும் தேடார், விலை இறங்கும். சித்திரையில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் அதே காருக்கு நாலு பேர் வந்து நிற்பினம். எனக்கு விற்றவர் ஏப்ரலில் வாங்கி நவம்பரில் விற்றவர். அவருக்கு விற்றவரும் அப்படித்தான். வி5சி பதிவுப் பத்திரத்தில் எனக்கு முன்னால் எட்டுப் பேர்.

இங்கே ஒரு வசதி. நம்பர் பிளேட்டை இணையத்தில் போட்டால் அந்தக் காரின் பழைய எம்ஓடி, அதாவது வருடாந்திரத் தகுதிச் சோதனைகள் எல்லாம் வரும். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல், எதில் தவறியது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கும், காசு இல்லை. என் காரைப் பார்த்தேன். ஒரு வருடம் 900 மைல், ஒரு வருடம் 1,200, இன்னொரு வருடம் 700. எட்டுப் பேரும் சேர்ந்து ஓட்டியதை ஒரு வாடகைக் கார்க்காரர் இரண்டு வருடத்தில் ஓட்டிவிடுவார் என்று என்னுடைய மனுசன் சிரித்தார். ஆனால் "அடிப்பாகத்தில் துரு, கவனிக்கவும்" என்று நாலு வருடமாகத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. எழுதிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கார் கைமாறியிருந்தது. அதை வாங்கிய பிறகுதான் வடிவாக வாசித்தேன். ஒட்டுப் போட்டது நான்தான்.

நான் விற்ற காரணம் வேறு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்ற புகை மாசுக் கட்டணம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்தது. தகுதி இல்லாத பழைய கார் என்றால் ஓட்டும் நாளைக்கு 12.50 பவுண். ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனாலும் அதுதான். லண்டனுக்கு வெளியே இருந்து ஒருவர் வந்து கொண்டுபோனார். பத்திரத்தில் பத்தாவது பெயர். போகும்போது கூரையைத் திறந்துகொண்டு போனார், தூறிக்கொண்டிருந்தது.

சென்னை, கார் கன்சல்டிங் வைத்திருப்பவர்

எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை. "சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ் பண்ண வண்டி" என்று எழுதினால்தான் போன் வருகிறது. டாக்டர்கள் பிரேக் பிடிப்பதே இல்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இந்த ரக வண்டிகளில் பல கம்பெனி பெயரில் வாங்கப்படுபவை. வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டலாம் என்பதற்காக. நாலு வருடம் கழித்து முதலாளி அதைத் தன் சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொள்வார். அதே வீடு, அதே டிரைவர், அதே ஷெட். ஆனால் ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர். அப்பா தவறி மகன் பெயருக்கு வந்தாலும் இன்னொரு எண் கூடும்.

வெளிமாநில வண்டி வந்தால் பழைய ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபம் இல்லை என்று வாங்கும் என்.ஓ.சி.க்குப் படிவம் 28, பெயர் மாற்ற 29, 30, அதன்மேல் இங்கே லைஃப் டேக்ஸ். 2023 கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் உள்ள புது காருக்கு அது 20 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்து, மாற்றாமலேயே சில மாதம் ஓட்டிவிட்டு அதே மாநிலத்துக்காரருக்கே திருப்பி விற்றவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், ஏதாவது விபத்து என்றால் மாட்டிக்கொள்வது பழைய ஓனர்.

இன்னொன்று. இந்த வண்டியை வாங்குகிறவர் நல்ல வருடத்தில் வாங்குகிறார். தொழில் கொஞ்சம் இறங்கியதும் வீட்டில் முதலில் கண்ணில் படுவது இதுதான். இனோவாவை யாரும் விற்க மாட்டார்கள். 2016இல் ஃபோர்டு மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் கார் 5 லிட்டர் வி8 என்ஜினோடு இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 65 லட்சம். அந்தப் பணம் ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது என்றால் பேங்க் மேனேஜர் போன் பண்ணுகிற நாளில் அது ஞாபகம் வரும்.

திருச்சி

நான் 16 வருடமாக விற்கவில்லை. என் வண்டி சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட்டர். கோவாவில் செய்த ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1.2 லிட்டர் என்ஜின், 60 குதிரை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தினால் இன்னும் கூட்டம் கூடும். வேகம் என்று பெரிதாக இல்லை, அதனால் அலுக்கவும் இல்லை. கோவைக்காரர் சொன்னது சரி.

சென்னை, மெக்கானிக்

எல்லாரும் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பில்லைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்த வண்டிகளில் பெரிய செலவு கிலோமீட்டர் பார்த்து வருவதில்லை, வருடம் பார்த்து வரும். ஃபெராரி எஃப்355இல் டைமிங் பெல்ட் மாற்ற என்ஜினையே கீழே இறக்க வேண்டும். வண்டி ஓடவே இல்லை என்றாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ரப்பர் அல்லவா. 1999இல் வந்த ஃபெராரி 360 மாடலில்தான் சீட்டுக்குப் பின்னால் ஒரு கதவு வைத்து, இறக்காமலே மாற்ற வழி செய்தார்கள். அந்த ரகத்தில் வேலை முடித்த வண்டிக்கும் முடிக்காத வண்டிக்கும் ஏன் அவ்வளவு விலை வித்தியாசம் என்று இப்போது புரியும். வேலை வருகிற வருடத்துக்கு முந்தைய வருடம் வண்டி சந்தைக்கு வரும்.

நம் ஊர் வண்டிகளிலும் இதே கதை. வாரண்டி முடிகிற மாதம் ஒரு கூட்டம் விற்கும். ஐந்து வருடம் ஆனதும் இன்னொரு கூட்டம். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசியை அதற்கு மேல் கொடுக்கப் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் யோசிக்கும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதிக் காசு உங்களுடையது. தாழ்வான வண்டியில் முதலில் அடிபடுவதே முன்பம்பர், அது பிளாஸ்டிக். சென்சாரோடு விலை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் டயர். பட்டன் எல்லாம் புதுசு போல இருக்கும், ஓடியிருந்தால்தானே தேய. ஆனால் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டினால் மாற்றச் சொல்லுவேன். முன்னுக்கு ஒரு சைஸ், பின்னுக்கு ஒரு சைஸ், நாலும் இறக்குமதி. விலை கேட்டதும் ஓனர் சொல்லுவார்: "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே." அடுத்த தடவை அந்த வண்டி என்னிடம் வரும்போது ஓனர் வேறு ஆளாக இருப்பார்.

ஓனர் எத்தனை பேர் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் முந்தைய கடைசி சர்வீஸ் பில்லைக் கேளுங்கள்.

சிங்கப்பூர்

இங்கே கார் வாங்குவதில்லை, வருடம் வாங்குகிறோம். கார் வைத்துக்கொள்ள அரசிடம் ஏலத்தில் எடுக்கும் உரிமம் சிஓஇ, அது பத்து வருடத்துக்கு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அது 150,001 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை போனது, கார் விலை தனி. விளம்பரத்திலேயே ஓனர் எத்தனை பேர், வருடத்துக்கு எவ்வளவு தேய்மானம் என்று போட்டிருக்கும். சிஓஇ மூன்று வருடம் மிச்சமுள்ள ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, இரண்டு வருடம் ஓட்டிக் கொடுத்துவிட்டேன். இது இங்கே சர்வ சாதாரணம், ஏன் விற்றாய் என்று யாரும் கேட்கவில்லை.

சென்னை, இழையைத் தொடங்கியவர்

மெக்கானிக் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி ஃபைலை எடுத்துப் பார்த்தேன்.

முதல் ஓனர் ஒரு பிரைவேட் லிமிடெட். இரண்டாவது அதன் டைரக்டர். ஆக இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள். அவர் வேறு ஒருவருக்குக் கொடுத்தது நீட்டித்த வாரண்டி முடிந்த ஏழாவது வாரம். மூன்றாவது ஓனரின் கடைசி சர்வீஸ் பில்லில் அடியில் பேனாவால் "பிரேக் டிஸ்க், பேடு அடுத்த முறை" என்று ஒரு வரி. வாங்கும்போது அந்தத் தாளைப் பார்த்தேன், அந்த வரியைப் பார்க்கவில்லை. வாங்கிய நாலாவது மாதம் டிஸ்க், பேடு எல்லாம் மாற்றி 1,40,000 ரூபாய் கொடுத்தது நான். சரி, பழைய வண்டி என்றால் செலவு வரும் என்று அப்போது என்னையே தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் கீழே போய் டார்ச் அடித்து டயரைப் பார்த்தேன். நாலிலும் 0919.

நான் மேலே சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. அப்பாவின் முழங்கால் உண்மை, மகள் உண்மை, வேகத்தடை மிக உண்மை. ஆனால் மகள் பிறந்து பதினாலு மாதம் ஆகிறது. நான் விளம்பரம் போட்டது டயர்க் கடைக்காரர் விலை சொன்ன வாரம்.

விளம்பரத்தில் "நாலு டயரும் மாற்ற வேண்டும்" என்று சேர்த்து, விலையைக் குறைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் போனே வரவில்லை. நேற்று ஒரு பையன் வந்தான், இருபத்தெட்டு வயது இருக்கும். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நேராகப் பின்சக்கரத்துக்குப் போய், குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் எண்ணைப் படித்தான். பிறகு நிமிர்ந்து, "கூரையை ஒருதடவை திறந்து காட்றீங்களா சார்?" என்றான். மணி பகல் பன்னிரண்டு. திறந்து காட்டினேன்.