ஸ்கேனர் இன்டர்ஃபேஸ் எதை வாங்குவது? ஒரு காரில் ஏபிஎஸ் தெரியவில்லை, இன்னொரு காரில் இணைப்பே கிடைக்கவில்லை

பழையகார்:
வணக்கம். வீட்டில் இரண்டு கார் இருக்கிறது, ஒன்று 2009 ஃபோர்டு ஃபோகஸ் டீசல், இன்னொன்று 2003 டொயோட்டா கொரோல்லா பெட்ரோல். ஃபோகஸில் முன்பக்க இடது வீல் பேரிங் மாற்றினார்கள், அன்றிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையவே இல்லை. மாற்றியவர்களிடம் கேட்டால் சென்சார் போயிருக்கும், அதையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை, ஸ்கேனர் எதையும் செருகவும் இல்லை. அதனால்தான் நானே கோளாறுக் கோடைப் (காரின் கணினி பதிந்து வைக்கும் எண்) படித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு சின்ன நீல நிற ப்ளூடூத் அடாப்டர் வாங்கி, ஆண்ட்ராய்டு போனில் டார்க் ஆப்பில் இணைத்தேன்.

ஃபோகஸில் உடனே இணைகிறது. ஆர்பிஎம், கூலன்ட் வெப்பநிலை எல்லாம் வருகிறது. ஆனால் கண்ணெதிரே ஏபிஎஸ் விளக்கு எரியும்போதே ஆப் "கோளாறு எதுவும் இல்லை" என்கிறது. கொரோல்லாவில் வேறு கதை. அடாப்டரில் விளக்கு எரிகிறது, போனோடு ஜோடி சேர்கிறது, அதற்கப்புறம் ஈசியூவோடு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது.

இரண்டு காருக்கும் பொதுவாக ஒன்று வாங்கினால் போதுமா, இல்லை ஆளுக்கு ஒன்றா? விற்பவர்கள் எல்லாரும் அட்டையில் "அனைத்து ப்ரோட்டோகால்" (காரோடு பேசும் எல்லா முறைகளும்) என்றே போட்டிருக்கிறார்கள், அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்றும் கைவசம் இருக்கிறது.

மல்டிமீட்டர்:
உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி பிரச்சினை. ஃபோகஸில் குறை மென்பொருளில், கொரோல்லாவில் பெரும்பாலும் அடாப்டரில். ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்கேனர் காரோடு பேசுவதற்கான ஓபிடி-2 என்ற பொதுத் தரமே புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004 வாக்கில். சட்டம் கேட்பது புகையோடு தொடர்புள்ள இன்ஜின் விவரங்களை மட்டும்தான். ஏபிஎஸ், ஏர்பேக், கதவு, ஏசி இதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த முறையில் பேசுகிறது. டார்க் மாதிரியான பொது ஆப் அந்தப் பொதுப் பகுதியைத்தான் படிக்கும், ஏபிஎஸ் யூனிட்டை அது கேட்பதே இல்லை, அதனால் "கோளாறு இல்லை" என்று சொல்வது பொய்யும் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த அடாப்டரைச் செருகினாலும் அதே ஆப்பில் அதே பதில்தான் வரும்.

ஆகவே முதலில் காருக்கு ஏற்ற மென்பொருள் எது என்று பாருங்கள், அப்புறம் அந்த மென்பொருள் எந்த இன்டர்ஃபேஸை ஏற்கும் என்று பாருங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துதான் அலமாரி நிறைய அடாப்டர் வைத்திருக்கிறார்கள். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன். ஏபிஎஸ் யூனிட்டின் கோடுகள், நான்கு சக்கரங்களின் வேகம் எல்லாம் அதில் தனித்தனியாகத் தெரியும். உங்கள் நீல அடாப்டரிலேயே கூட அது ஏபிஎஸ்ஸைப் படித்துவிடலாம், முதலில் அதை முயன்று பாருங்கள்.

கொரோல்லாவுக்கு ஒரு சின்னச் சோதனை. அடாப்டரைச் செருகும் சாக்கெட்டை நேராகப் பாருங்கள், அகலமான பக்கம் மேலே இருக்கட்டும். மேல் வரிசை இடமிருந்து 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. 16 பேட்டரி, 4-ம் 5-ம் கிரவுண்ட். 6, 14 இரண்டிலும் உலோகத் தகடு இருந்தால் கேன் பஸ் (யூனிட்டுகள் தமக்குள் பேசும் இரட்டைக் கம்பி இணைப்பு) வெளியே வருகிறது. அவை காலியாக இருந்து 7-ல் மட்டும் தகடு இருந்தால் கே-லைன் (மெதுவான, பழைய ஒற்றைக் கம்பி முறை) கார். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே ப்ளூடூத் சீரியல் டெர்மினல் ஆப் ஒன்றைப் போட்டு, அடாப்டருக்கு ஏடிஐ, ஏடிஆர்வி என்று கட்டளை அனுப்பி வரும் பதிலையும் இங்கே போடுங்கள். முதலாவது வெர்ஷன் சொல்லும், இரண்டாவது சாக்கெட்டில் வரும் வோல்டேஜ்.

நெடுஞ்சாலை:
ஒரு இடைச்செருகல். இணைப்பே கிடைக்காத காரில் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் ஓபிடி சாக்கெட்டின் 16-ம் பின், சிகரெட் லைட்டரோடு ஒரே ஃபியூஸில் இருக்கும், லைட்டர் ஃபியூஸ் போனால் ஸ்கேனருக்கும் கரன்ட் வராது. இவருக்கு அடாப்டரில் விளக்கு எரிகிறது என்பதால் அது இல்லை, ஆனால் தேடி வந்து படிக்கிற மற்றவர்களுக்கு உதவும். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையகார்:
பார்த்துவிட்டேன். கொரோல்லாவில் 6, 14 காலி, 7-ல் தகடு இருக்கிறது. ஏடிஐக்கு "ஈஎல்எம்327 வி1.5" என்று வருகிறது. ஏடிஆர்வி 12.2 வோல்ட். ப்ரோட்டோகாலைத் தானாகத் தேட விட்டால் "சர்ச்சிங்" என்று கொஞ்ச நேரம் ஓடி "அன்ஏபிள் டு கனெக்ட்" என்று முடிகிறது. ஃபோகஸில் எந்த ப்ரோட்டோகால் என்று கேட்கும் ஏடிடிபி கொடுத்தால் ஐஎஸ்ஓ 15765-4, கேன் 11/500 என்கிறது.

மல்டிமீட்டர்:
அப்படியானால் படம் தெளிவு. ஃபோகஸ் கேன், அடாப்டருக்கு அது வருகிறது. கொரோல்லா கே-லைன். இப்போது ப்ரோட்டோகாலைக் கையால் தேர்ந்தெடுக்கும் ஏடிஎஸ்பி3 கொடுத்து, காரிடம் பதில் கேட்கும் 0100 அனுப்புங்கள், அப்புறம் ஏடிஎஸ்பி4, ஏடிஎஸ்பி5 வைத்தும் அதே 0100. முதலாவது ஐஎஸ்ஓ 9141-2, மற்ற இரண்டும் கேடபிள்யூபி 2000 என்ற இன்னொரு கே-லைன் ப்ரோட்டோகாலின் இரண்டு தொடக்க முறைகள். மூன்றிலும் "பஸ் இனிட்" என்று தொடங்கி எரர் என்று முடிந்தால், அடாப்டரின் கே-லைன் பகுதி வேலை செய்யவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

"வி1.5" பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது எல்லாரும் பார்ப்பது அதைத்தான். ஈஎல்எம்327 சிப்பை உருவாக்கியது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ், 2005-ல். முதல் வெர்ஷனுக்குள் நகல் எடுக்காதபடி பூட்டு போடவில்லை, அதைத்தான் உலகம் முழுக்க நகலெடுத்தார்கள். அந்த நிறுவனம் 1.4-க்கு அப்புறம் நேராக 2.0-க்குப் போனது, 1.5 என்ற வெர்ஷனை வெளியிடவே இல்லை. 2022-ல் நிறுவனத்தையும் மூடிவிட்டார்கள். ஆக 1.5 என்று சொல்வது கண்டிப்பாக நகல். அதற்காக 2.1 என்று சொல்வது நல்லது என்றும் இல்லை, நகல்களில் 2.1 என்று எழுதியிருப்பது பல நேரம் 1.5-ஐ விடக் குறைவான கட்டளைகளையே ஏற்கிறது. சிப் அனுப்பும் எழுத்து அது, என்ன வேண்டுமானாலும் அனுப்ப வைக்கலாம்.

கே-லைன் 12 வோல்ட் அளவில் ஓடும் ஒற்றைக் கம்பி, அதற்கு போர்டில் தனியாக டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் வைக்க வேண்டும். செலவு மிச்சம் என்று அந்தப் பாகங்களையே விட்டுவிட்டுச் செய்யும் அடாப்டர்கள் உண்டு. அவை கேன் காரில் ஒழுங்காக ஓடும், கே-லைன் காரில் விளக்கு மட்டும் எரியும்.

பழையகார்:
மூன்றிலும் "பஸ் இனிட்" எரர்தான் அண்ணா. சரி, இப்போது என்ன வாங்குவது?

மல்டிமீட்டர்:
லேப்டாப் போதும் என்றால் யூஎஸ்பி வகையில் ஓபிடிலிங்க் ஈஎக்ஸ். போனில்தான் பார்க்க வேண்டும் என்றால் ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ். இவற்றில் ஈஎல்எம் நகல் சிப் இல்லை, எஸ்டிஎன் என்ற வேறு குடும்பத்துச் சிப், ஈஎல்எம் கட்டளைகளையும் புரிந்துகொள்ளும். இரண்டிலும் கே-லைன் உண்டு, அதனால் கொரோல்லாவின் இன்ஜின் கோடுகளை அதே அடாப்டரில் படித்துவிடலாம், தனியாக இன்னொன்று வேண்டாம்.

ஃபோர்டு வைத்திருப்பவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி எம்எஸ்-கேன். ஃபோர்டு சாக்கெட்டில் இரண்டு கேன் பஸ் வெளியே வருகிறது. 6, 14-ல் 500 கேபிபிஎஸ் வேகத்தில் இன்ஜின், ஏபிஎஸ் போன்றவை. 3, 11-ல் 125 கேபிபிஎஸ் வேகத்தில் ஆடியோ, ஏசி, கதவு போன்றவை, இதுதான் எம்எஸ்-கேன். சாதாரண அடாப்டர் 3, 11-ஐத் தொடாது. கையால் சுவிட்ச் தள்ளி மாற்றும் கேபிள்களும் கிடைக்கின்றன, ஆனால் ஃபோர்ஸ்கேன் எல்லா யூனிட்டையும் தேடும்போது நடுவில் "இப்போது சுவிட்சை மாற்று" என்று கேட்கும், அந்த நேரத்தில் சுவிட்ச் தொட்டும் தொடாமலும் நின்றால் பாதி யூனிட் காணாமல் போகும். மேலே சொன்ன இரண்டும் தாமாகவே மாறிக்கொள்ளும். உங்களுக்கு இப்போது வேண்டியது ஏபிஎஸ் மட்டும் என்பதால் எம்எஸ்-கேன் அவசரம் இல்லை, ஆனாலும் புதிதாக வாங்குகிறவர் அது இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஏதாவது அமைப்பை மாற்றி எழுதுகிற எண்ணம் இருந்தால் யூஎஸ்பியைத்தான் சொல்வேன். படிக்கும்போது ப்ளூடூத் அறுந்தால் மறுபடி இணைத்துக்கொள்ளலாம், எழுதும்போது அறுந்தால் அந்த யூனிட் என்ன நிலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளைசெடான்:
நான் ஐபோன் வைத்திருக்கிறேன், என் ப்ளூடூத் அடாப்டர் போனின் பட்டியலிலேயே வருவதில்லை. அடாப்டர் கெட்டுவிட்டதா?

நெடுஞ்சாலை:
கெட்டிருக்காது. பழைய வகை ப்ளூடூத்தில் ஆப்பிளின் அனுமதிச் சிப் இல்லாத சாதனத்தை ஐபோன் ஆப்புகளால் பயன்படுத்த முடியாது. ப்ளூடூத் எல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை) உள்ளதோ, வைஃபை உள்ளதோ, இல்லை ஆப்பிள் அனுமதி பெற்றதோ வாங்க வேண்டும், எம்எக்ஸ் பிளஸ் ஐபோனிலும் ஓடும். எல்இ வகையை போன் செட்டிங்கில் ஜோடி சேர்க்கத் தேவையில்லை, ஆப்புக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். வைஃபை வகையில் பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. அதில் இணைந்திருக்கும்போது போனில் இணையம் வராமல் போகலாம், அதுதான் எனக்குப் பிடிக்காதது.

நான்குசக்கரம்:
ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களும் இதையே வாங்கலாமா?

மல்டிமீட்டர்:
இன்ஜின் கோடு மட்டும் போதும் என்றால் வாங்கலாம். முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் ராஸ்-டெக்கின் விசிடிஎஸ் மென்பொருள், அது அவர்களுடைய சொந்த இன்டர்ஃபேஸோடுதான் முழுமையாக வேலை செய்யும், ஓபிடிலிங்க் உதவாது. போனில் என்றால் ஓபிடிலெவன், அதற்கும் அதற்கான சாதனமே வேண்டும். நான் முதலில் சொன்னது இதற்காகத்தான், மென்பொருளைத் தீர்மானித்தால் இன்டர்ஃபேஸ் தானாகத் தீர்மானமாகிவிடும். இன்னொன்று, புதிய கார்களில் கேட்வே பூட்டு வந்துவிட்டது. ஃபியட், ஜீப் குழுமத்தில் 2018 வாக்கிலிருந்து, ஃபோக்ஸ்வேகனில் எட்டாம் தலைமுறை கோல்ஃப் முதல். கோடைப் படிக்க விடும், காரைப் பொறுத்து அழிக்கவோ அமைப்பை மாற்றவோ போனால் பதிவு செய்த கணக்கு கேட்கும். புதிய கார் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழையகார்:
ஈஎக்ஸ் வாங்கி ஃபோர்ஸ்கேன் போட்டேன். ஏபிஎஸ் யூனிட்டில் முன் இடது சக்கர சென்சாருக்கு, சி எழுத்தில் தொடங்கும் ஒரு கோடு இருக்கிறது. நான்கு சக்கர வேகத்தையும் ஒரே கிராஃபில் வைத்து மெதுவாக ஓட்டினேன். மற்ற மூன்றும் ஒன்றாக ஏறி 8, 9 கிலோமீட்டர் காட்டும்போது இடது முன் சக்கரத்தின் கிராஃப் மட்டும் பூஜ்யத்தில் நேராகக் கிடக்கிறது, ஒரு துடிப்பு கூட இல்லை. அப்போது சென்சார்தானே போயிருக்கிறது, மாற்றச் சொல்லிவிடவா?

மல்டிமீட்டர்:
பொறுங்கள், பணம் கொடுக்காதீர்கள். பேரிங் மாற்றிய அன்றே வந்த கோளாறு இது. இந்த வகை பேரிங்கில் ஒரு பக்கத்து சீலில் காந்த வளையம் இருக்கும், சென்சார் எண்ணுவது அந்த வளையத்தைத்தான். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் காந்தம் வெளிப்பக்கம் போய்விடும், சென்சார் நன்றாக இருந்தாலும் அதன் எதிரே எண்ண எதுவும் இருக்காது. பூஜ்யத்தில் நேராகக் கிடக்கும் கிராஃப் சென்சார் செத்தாலும் வரும், இதிலும் வரும். கிராஃபை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை, நிமிர்த்திய பேப்பர் கிளிப் போதும், சீலின் முகத்தில் தொட்டுப் பாருங்கள். லேசாக இழுத்துப் பிடித்தால் காந்த வளையம் இருக்கிறது. வலது பக்கத்திலும் தொட்டு ஒப்பிடுங்கள். சென்சாரை ஓம் மீட்டரில் அளக்காதீர்கள், இது ஆக்டிவ் சென்சார், அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை, உள்ளே இருக்கும் சுற்றும் கெடலாம்.

பழையகார்:
வலதில் கிளிப் நன்றாகவே ஒட்டுகிறது. இடதில் ஒட்டவே இல்லை, கம்பி சும்மா வழுக்குகிறது. கிராஃபையும் காட்டி, அவர்கள் எதிரேயே கிளிப்பை இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினேன். திருப்பிப் போட்டிருப்பதை ஒப்புக்கொண்டு புது பேரிங்கே போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், அழுத்தி எடுக்கும்போது பழையது கெட்டுவிடுமாம். கொரோல்லாவும் ஈஎக்ஸில் இணைந்துவிட்டது, ஐஎஸ்ஓ 9141-2. ரீடிங் மெதுவாகத்தான் புதுப்பிக்கிறது, அது இயல்பா?

மல்டிமீட்டர்:
இயல்புதான், கே-லைன் நொடிக்கு 10,400 பிட் மட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அளவுகளுக்கு மேல் வைக்காதீர்கள், கிராஃப் பயன்படும் வேகத்தில் வரும்.

புது பேரிங் போட்டதும் ஃபோர்ஸ்கேனில் ஏபிஎஸ் கோடை மட்டும் அழியுங்கள். இன்ஜின் பக்கத்தையும் சேர்த்து அழித்தால் புகைச் சோதனைக்குத் தேவையான ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன்னைத் தானே சோதித்து வைத்திருக்கும் பதிவுகள்) எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும், அவை மறுபடி முடிய விதவிதமான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள், 16-ம் பின்னில் சாவி இல்லாதபோதும் கரன்ட் இருக்கும். அந்த நீல அடாப்டரையும் செருகியபடியே விட வேண்டாம், அந்த வகையில் பலவற்றுக்குத் தூங்கும் வசதியே கிடையாது, கார் பல நாள் நின்றால் பேட்டரி இறங்கும்.