பள்ளிக்கூடப் படிகளும் நம் பிள்ளைகளும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரி

என் அக்கா மகள் பிளஸ் ஒன். காலுக்குத் தாங்கலாகக் காலிபர் கம்பி போட்டு, ஊன்றுகோல் பிடித்து நடப்பாள். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி சொல்லியாக வேண்டும். ஆனால் கெமிஸ்ட்ரி லேப் மாடியில். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சரிவில் கட்டியவை, ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போகவே படி ஏற வேண்டும்.

போன மாதம் மதியம் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். எல்லாரும் மேலே லேபில். இவள் மட்டும் காலி வகுப்பில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அப்போது அவள் கூட்டுக்காரி ஒருத்தி குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "இதுதான் பிள்ளே அந்த ரோஸ் கலர், சீக்கிரம் பாரு!" டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்க்கிற சோதனை, செய்தவர்களுக்குத் தெரியும், நிறம் காட்டப் போடுகிற பினாப்தலீன் முடிவுப் புள்ளியில் காட்டுகிற நிறம் ரொம்ப லேசானது, காற்றில் உள்ள கரியமில வாயு பட்டால் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். படி இறங்கி வருவதற்குள் மறைந்துவிட்டது. இரண்டு பேரும் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். "சரி, நீ சொல்லு, நான் எழுதிக்கிடுகேன்" என்றாள் என் பிள்ளை.

எனக்கு அது இன்னும் மனசைப் போட்டு அறுக்கிறது. செய்முறைத் தேர்வு வேறு வருகிறது. யார் வீட்டிலாவது இப்படி நடந்ததா?

கருங்கல் வாத்தியார்

அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பள்ளி அந்தக் காலத்து ஓட்டுக் கட்டடம், திண்ணையே இடுப்பு உயரம். போலியோ வந்த ஒரு பையனை அவன் வகுப்புப் பிள்ளைகள் தினமும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு ஆனி மழையில் முற்றம் முழுக்க வெள்ளம். நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வர, ஐந்தாவது பையன் தான் நனைந்துகொண்டு அவனுக்குக் குடை பிடித்து வந்தான். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. கட்டடம் மாறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைச் சிமெண்ட் கொடுக்காது. உங்கள் அக்கா மகளுக்கும் பிள்ளைகள் உதவுவார்கள், ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

மார்த்தாண்டம் தம்பி

வாத்தியார் சார், வருத்தப்படாதீர்கள். அப்படித் தூக்கப்பட்டவன் நான்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாடியில். காலையில் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் கீழே இறக்குவார்கள். ஓணத்துக்கு முந்தின நாள் பெல்லைச் சீக்கிரம் அடித்துவிட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது, எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒருத்தன் தூக்கியிருப்பான் என்று இன்னொருத்தன் நினைத்திருக்கிறான். நான் பெஞ்சில் இருந்தபடி கீழே ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். கூப்பிட வாய் வரவில்லை, ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது. கூட்டிப் பெருக்க வந்த அம்மாதான் பார்த்தார்கள். "ஐயோ மக்களே, நீ இங்கயா இருக்க?"

தூக்கிய பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றும் அவர்கள்தான் என் கூட்டுக்காரர்கள். சாய்தளம் இருந்திருந்தாலும் அவர்கள் என்னோடு சேர்ந்துதான் வந்திருப்பார்கள், பேசிக்கொண்டு பக்கத்தில் வந்திருப்பார்கள். இன்னொன்று சார், பதினாறு வயதுப் பெண்பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவது? அவளுக்கு அது எப்படி இருக்கும்?

திருவட்டார் கொத்தனார்

நான் கட்டட வேலை செய்கிறவன். ஒரு பள்ளியில் சாய்தளம் போடக் கூப்பிட்டார்கள். அடித்தளம் இரண்டரை அடி உயரம், கொடுத்த இடம் எட்டு அடி. "சார், இதில் வண்டி ஏறாது" என்றேன். "பைலில் போட்டோ வைக்கணும், இருக்கிற இடத்தில் போடும்" என்று பதில். மாட்டேன் என்று வந்துவிட்டேன், வேறு ஆள் போட்டார். பிறகு அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், வீல்சேரில் இருந்த ஒரு பையனை அவன் அப்பா அதில் பின்பக்கமாக இழுத்து ஏற்றுகிறார், கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது.

இதைப் படிப்பவர்கள் யாராவது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், அதுதான் கணக்கு. இரண்டரை அடிக்கு 30 அடி. அவ்வளவு நீளத்துக்கு இடம் இல்லையென்றால் நடுவில் மடக்கித் திருப்பலாம், திரும்புகிற இடத்தில் ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் விடணும். அகலம் நாலு அடிக்குக் குறையக் கூடாது. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், அதுவும் இரண்டு உயரத்தில், 76 சென்டிமீட்டரில் ஒன்று, 90-இல் ஒன்று. சின்னப் பிள்ளைக்குக் கீழே உள்ளதுதான் எட்டும். ஓரத்தில் சின்னக் கட்டு எழுப்பணும், இல்லையென்றால் சக்கரம் வெளியே இறங்கிவிடும். வழவழப்பான டைல்ஸ் போடவே கூடாது. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, வருஷத்தில் பாதி நாள் பாசி பிடித்துக் கிடக்கும். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்துவிட்டால் பிடிப்பு கிடைக்கும், செலவு ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் தேய்த்துக் கழுவ ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள். அப்புறம் கதவு. நிலை அகலம் 90 சென்டிமீட்டர் இல்லையென்றால் சாய்தளம் ஏறி வந்த பிள்ளை வாசலில் நிற்கணும். நிலையின் கீழே குறுக்காக உள்ள வாசற்படிக் கட்டையை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

தக்கலை அக்காவுக்கு: மாடிக்குச் சாய்தளம் என்று யோசிக்காதீர்கள், 11 அடி ஏற 130 அடிக்கு மேல் வேண்டும். லிப்ட் இல்லையென்றால் லேபைத்தான் கீழே இறக்கணும். ஒரு மேசை, தண்ணீர்க் குழாய், தொட்டி, இவ்வளவுதான். டைட்ரேஷனுக்குக் கேஸ் லைன்கூட வேண்டாம் என்று என் மகன் சொல்கிறான்.

பூதப்பாண்டி

2024 ஏப்ரலில் ஓட்டுப் போட எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் மரச் சாய்தளம், பக்கத்தில் வீல்சேர், தள்ள ஒரு ஆள். என் பாட்டி சிரமமே இல்லாமல் போய் ஓட்டுப் போட்டார்கள், சந்தோஷம். திங்கட்கிழமை அதே வாசலில் எதிர்வீட்டுப் பையன் கையை ஊன்றிப் படி ஏறிக்கொண்டிருந்தான். பலகையைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாளைக்கு முடிந்தது மற்ற நாட்களுக்கு ஏன் முடியாது?

பணமில்லை என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக் கட்டடத்துக்குத் தடையில்லாத வழி வேண்டும் என்று இருக்கிறது. கட்டடத்தையும் வசதிகளையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி செய்யச் சொல்கிற, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவு அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு நிதி பெறும், அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து ஆண்டு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தடையில்லாத வழிக்கான தரங்களை வெறும் பரிந்துரையாக வைக்காமல் கட்டாய விதியாக்கச் சொல்லியிருக்கிறது. மனு எழுதும்போது இதையெல்லாம் குறிப்பிடுங்கள்.

குழித்துறை அம்மா

பூதப்பாண்டி தம்பி, சட்டத்தை நானும் எழுதித்தான் கொடுத்தேன். நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். ஆள் வந்து பார்த்தார்கள், மாற்றுத்திறனாளிக் கழிப்பறை என்று போர்டு இருக்கிறது, இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். உள்ளே உடைந்த பெஞ்சும் விளக்குமாறும்.

என் மகன் காலையில் சாயா குடிக்க மாட்டான். மதியச் சோற்றுக்கும் தண்ணீர் குடிக்க மாட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "தாகமில்லை" என்பான். சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர்தான் கேட்டார், "பள்ளியில் பாத்ரூம் போவியா?" அவன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தலையாட்டினான். இல்லை என்று. சாய்தளம், லேப் எல்லாம் எழுதுகிறீர்கள், சரிதான். கழிப்பறையை யாரும் எழுதவில்லை.

கடைசியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மற்ற மூன்று அம்மாமார்களையும் கூட்டிக்கொண்டு போனேன். "வாங்க, நாமே போய்த் திறந்து பார்ப்போம்" என்றேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள், பேசாமல் நின்றார்கள். அந்த வாரமே பெஞ்சை எடுத்துக் குழாய் வைத்தார்கள், சுவரில் பிடிக்கம்பியும் போட்டுவிட்டார்கள். ஆனால் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. வீல்சேர் உள்ளே போனால் சாத்த முடியவில்லை, இப்போதைக்குத் திரைச்சீலை தொங்குகிறது. திருவட்டார் அண்ணன், அந்தக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்ற நிலையையே பெயர்க்க வேண்டுமா, கீலை மட்டும் மாற்றினால் போதுமா? அடுத்த கூட்டத்துக்கு முன்னால் செலவு எவ்வளவு என்று தெரிந்தால் கேட்டு வாங்கிவிடுவேன்.