ஸ்பார்க் பிளக்கில் பொறி வந்தது, ஆனாலும் படகு இன்ஜின் நின்றுவிட்டது: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

எண்ணூர்த் தம்பி

போன மார்கழி. எண்ணூர் முகத்துவாரம், அலைவாய் தாண்டும் நேரம். ரெண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் இன்ஜின், 9.9 குதிரைத்திறன். பெட்ரோலில் பிடிக்க வைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். நன்றாகத்தான் ஓடியது. கைப்பிடியை முறுக்கி வேகம் கொடுத்ததும் ரெண்டு முறை இருமி நின்றுவிட்டது. நைனா துடுப்பை எடுத்துப் படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் மேல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஒயர் நுனியில் இருக்கும் கேப்பில் மாட்டி, இன்ஜின் உடம்பில் ஒட்டவைத்துக் கயிறு இழுத்தேன். நல்ல நீலப் பொறி, சத்தத்தோடு. கீழ்ப் பிளக்கிலும் வந்தது.

"பிளக் நல்லா இருக்கு நைனா, கார்பரேட்டர்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. ஆடுகிற படகில் கார்பரேட்டரைப் பிரித்தேன், ஒரு ஸ்க்ரூ கடலில் போனது. அதோடு ஓட்டம் முடிந்தது. பெரியப்பா படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது.

கரையில் கழுவித் துடைக்கும்போதுதான் பார்த்தேன். மேல் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படவில்லை. புதுப் பிளக் போட்டதும் ஒரே இழுப்பில் பிடித்தது. வெளியே அவ்வளவு நன்றாகப் பொறி விட்ட பிளக் உள்ளே ஏன் கைவிட்டது?

காசிமேடு மெக்கானிக்

தம்பி, வெளியே பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி நெருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் இன்னும் அதிகமாக வேண்டும். பீங்கானில் விரிசல் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகவே உடம்புக்கு இறங்கிவிடும். வேகம் கொடுக்கும்போது உள்ளே நெருக்கம் கூடும், அப்போதுதான் காலை வாரும். வெளியே பொறி வரவில்லை என்றால் கோளாறு நிச்சயம். வந்தது என்பதற்காகப் பிளக் நல்லது என்று சொல்லவே முடியாது.

என் கதை சின்னது. ஒருத்தர் ஒரே மாதத்தில் மூன்று முறை ஈரமும் கரியுமாகப் பிளக்கைக் கொண்டு வந்தார். நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றாமல், மண்ணெண்ணெயிலேயே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நாள் குளிர்ந்த இன்ஜினில் அதே மண்ணெண்ணெய்தான் போகும், பிளக் நனையாமல் என்ன செய்யும்?

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். சந்தேகம் வந்தால் மேல் பிளக்கைக் கீழேயும் கீழ்ப் பிளக்கை மேலேயும் மாற்றிப் போடுங்கள். கோளாறு பிளக்கோடு இடம் மாறினால் பிளக். அதே சிலிண்டரில் நின்றால் கேப், ஒயர், பொறிக்கு மின்சாரம் தரும் காயில் என்று வரிசையாகப் பாருங்கள். நம் பக்கம் கேப்புக்குள் பச்சையாக உப்புப் பூத்திருப்பது சகஜம். பொறி பார்க்கும் முன் சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிடுங்கள், பிளக்கைக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். புதுப் பிளக்கை முதலில் கையால் முழுக்க முறுக்கி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, போதும். கரி பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு நாள் ஓட்டலாம். பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம்.

தாழங்குப்பம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததே, அந்த நேரம். வலை, படகு, கை எல்லாம் கறுப்பு. என் இன்ஜினில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. எண்ணெய் போய் அடைத்திருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஊரே அந்த எண்ணெய் மேல் கோபத்தில் இருந்தது, நியாயமான கோபம்.

பிளக்கைக் கழற்றினேன். ஒன்று எப்போதும்போல் பழுப்பு. இன்னொன்று சோப்புப் போட்டுக் கழுவியதுபோல் பளிச்சென்று, நூல் மரையில் வெள்ளையாக உப்பு. சுற்றிலும் எல்லாம் கறுத்துக் கிடக்க, அது மட்டும் என் உள்ளங்கையில் அத்தனை சுத்தமாக இருந்தது. ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு போய், இன்ஜினைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நானோ புதுப் பிளக் மாட்டி ரெண்டு நாள் ஓட்டினேன். அதற்குள் சிலிண்டர் சுவரில் துரு ஏறிவிட்டது.

திருவொற்றியூர் பழைய கை

காசிமேடு அண்ணே, ரெண்டு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

உப்புத்தாள் வேண்டாம். பீங்கானுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் துகள் போய் உட்காரும், ஊதினாலும் வராது. இன்ஜின் ஓடும்போது சிலிண்டரில் கொட்டி சுவரைக் கீறும். பித்தளை பிரஷ்ஷும் பெட்ரோலும் போதும், அதுவும் கரை சேர மட்டும். படகில் எப்போதும் ஒரு ஜோடி புதுப் பிளக், மெழுகுத்தாளில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் இருக்க வேண்டும், கூடவே பிளக் கழற்றும் 21 ஸ்பேனரும்.

நிறம் பார்ப்பதும் அப்படித்தான். கழிமுகத்துக்குள் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து கரையில் கழற்றிப் பார்த்தால், மெதுவாக ஓடியதன் நிறம்தான் தெரியும். வேகத்தில் எப்படி எரிகிறது என்று தெரிய, ஆழத்தில் முழு வேகத்தில் ஓட்டி அப்படியே அணைத்துக் கழற்ற வேண்டும். அலைவாய்ப் பக்கம் இதைச் செய்யக் கூடாது. முனை சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்புளம் விட்டிருந்தால் உள்ளே சூடு மீறிவிட்டது, பிளக்கை மாற்றி என்ன பயன்? தண்ணீர் பம்பைப் பாருங்கள், எரிபொருள் சரியாக வருகிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பிஸ்டன் போய்விடும்.

காசிமேடு மெக்கானிக்

உப்புத்தாள் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அவசரத்துக்குச் சொன்னேன்.

எண்ணூர்த் தம்பி, அந்தப் பிளக் மாட்டும் முன் எங்காவது கீழே விழுந்ததா?

எண்ணூர்த் தம்பி

விழுந்தது அண்ணா. ஏலக்கூடத்து சிமென்ட் தரையில். மாட்டுவதற்கு முந்தின நாள் அக்கா பையன் டப்பாவோடு தட்டிவிட்டான். எடுத்துப் பார்த்தேன், முனை வளையவில்லை. ஊதிவிட்டு மாட்டிவிட்டேன்.