நியமகிரி கிராம சபையில் அந்தப் பாட்டி பேசியது என்ன?

மலைவழி:
2013 ஆகஸ்ட், ஒடிசாவின் நியமகிரி மலை. அங்கே பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வரலாமா என்பதைக் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்ன ஏப்ரல் 18 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 12 ஊர்களில் சபை, எல்லாம் இங்கே தெரிந்த கதைதான். ராயகடாவில் வேலை பார்த்த நண்பனோடு ஒரு சபைக்கு நானும் போயிருந்தேன். நல்ல மழை. அதிகாரிகளுக்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஊர்க்காரர்கள் ஈரத் தரையில்.

அந்த மலையின் பழங்குடியான டோங்ரியா பாட்டி ஒருவர் எழுந்தார். மூக்கில் மூன்று வளையம், கொண்டையில் சின்னக் கத்தி. மலை உச்சியைக் காட்டிக் காட்டி, குவி மொழியில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினார். நடுவில் குரல் கம்மியது. பின்னால் இருந்த பெண்கள் சேர்ந்து ஏதோ சொன்னார்கள், அவர் தலையாட்டிவிட்டு மறுபடி தொடங்கினார். ‘நியம ராஜா’ என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அது அவர்கள் சாமி. மொழிபெயர்த்தவர் ஒடியாவில் சொன்னது ஒரே வரி: “சுரங்கம் வேண்டாம் என்கிறார்.” அதை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

12 ஊரும் மறுத்தன, பாக்சைட் மலையிலேயே இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் மீதிப் பத்து நிமிடம் எங்கே போனது? குவியும் திராவிட மொழிதான், தமிழுக்கு உறவு. இருந்தும் ஒன்றும் பிடிபடாமல் நின்றேன்.

சர்வேக்காரன்:
உங்களுக்கு ஒரு வரியாவது பதிவானது. நான் சத்தீஸ்கரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் நில அளவை வேலை பார்த்தேன். நிலக்கரிக்கான காடு. கிராம சபைத் தீர்மானம் என்று கைரேகை வைத்த தாள்கள் வந்தன. ஊருக்குள் போனபோது பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். ஒரு பெயரில் விரல் நின்றது. “இது என் தாத்தா. போன வருஷமே இறந்துட்டார்” என்றான். நான் தாளை வாங்கி மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காட்டுமல்லி:
மலைவழி, ‘சந்தோஷம்தான்’ என்று முடிப்பதை ஏற்க முடியவில்லை. அந்த மலைத்தொடரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். 12 ஊரைத் தேர்ந்தெடுத்தது மாநில அரசு. மற்ற ஊர்களை யார் கேட்டார்கள்? 2016-இல் சபையைத் திரும்பக் கூட்ட வேண்டும் என்று ஒடிசா அரசுத் தரப்பில் மனுப் போட்டார்களே, உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால் மலை தப்பித்தது.

எங்கள் பக்கத்து மலை ஊரில் ரேஷன் வாங்க வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி அதையே சபை என்றார்கள். என் அத்தையும் அரிசிக்கென்று நினைத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அதனால் சொல்கிறேன், இதெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வன உரிமைச் சட்ட விதிப்படி சபையில் பாதி உறுப்பினர்கள் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தீர்மானத்தைச் சபையிலேயே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், உள்ளூர் மொழியில். வாசித்த பிறகுதான் கைரேகை. நகல் கையில் வராமல் கலையாதீர்கள். முடிந்தால் வீடியோ எடுங்கள். அப்புறம், தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியே கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கான 1996-இன் பெசா சட்டம் இங்கே உதவாது. 2006 வன உரிமைச் சட்டம்தான் நம் கையில் இருப்பது. 2022 வனப் பாதுகாப்பு விதிகளையும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 விதிகளையும் படியுங்கள். முன்பு மத்திய அரசு இறுதி அனுமதி தருவதற்கு முன்னால் சபையின் சம்மதம் வேண்டும் என்றிருந்தது, 2022-இலிருந்து அந்த வேலையை, மத்திய அனுமதிக்குப் பிறகு மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்பதற்குப் பெயர் கேட்பதா?

சர்வேக்காரன்:
நகல் கேளுங்கள் என்கிறீர்கள். அந்த ஊரில் நகல் வைத்திருந்தது நான்தான், காட்டுமல்லி.

மலைவழி:
12 ஊர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வீடியோ இல்லை. நண்பனின் பழைய போனில் குரல் மட்டும் இருக்கிறது, மழைச் சத்தத்தோடு 11 நிமிடம். குவி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.