சில காலையில் மட்டும் உபுண்டு ஏறுவதில்லை: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பழுதா?

கமராக்கடை (புதுக்குடியிருப்பு)

எல்லோருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்பில் சின்னதாக ஒரு போட்டோ, வீடியோ கடை நடத்துகிறேன். அண்மையில்தான் கடைக் கொம்பியூட்டருக்கு வின்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் போட்டுத் தந்தார்கள். உபுண்டு இருப்பது 240 ஜிபி எஸ்எஸ்டியில். பழைய வின்டோஸ் கொம்பியூட்டரில் இருந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இதில் இரண்டாவதாகப் பூட்டியிருக்கிறது.

சில நாள் காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால் உபுண்டு வராது. கறுப்புத் திரையில் ‘எமர்ஜென்சி மோட்’ என்று நிற்கும். ஓஃப் பண்ணித் திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஏறும். அப்படி ஏறிய நாளிலும் 2 டிபிக்குள் உள்ள படங்களைப் பார்க்கலாமே தவிர புதிதாக ஒன்றும் போட முடியாது. ‘ரீட் ஒன்லி’ என்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு எடுத்ததெல்லாம் இன்னும் கமரா கார்ட்டிலேயே கிடக்கிறது.

வவுனியாவில் ஒரு கடையில் கேட்டேன். டிஸ்க் சாகப்போகிறது, புதிது வாங்குங்கள் என்றார்கள். உண்மையா? அதற்குள் கல்யாணவீடு, சாமத்தியவீடு மட்டும் இல்லை. இடம்பெயர்வில் ஆல்பங்களைத் தொலைத்த சனம் கனடா, சுவிஸ் சொந்தக்காரரிடம் இருந்து வாங்கித் தந்த பழைய படங்களை ஸ்கேன் பண்ணித் திருத்தி வைத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கோ.

பனங்காமம்

வின்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் என்டிஎஃப்எஸ் முறை என்றாலே இப்படித்தான். லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4க்கு ஃபோர்மட் பண்ணிவிடுங்கள், இரண்டு பிரச்சினையும் ஒரேயடியாகத் தீரும்.

முறிகண்டிக் கச்சான்

படங்களும் சேர்ந்து தீரும்! கமராக்கடை அண்ணை, ஃபோர்மட் பக்கமே போகாதீர்கள். முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். போனில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, அதனால் கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

அடுத்த தடவை எமர்ஜென்சி மோட் வந்தால் உடனே ஓஃப் பண்ண வேண்டாம். எண்டர் அழுத்தினால் கட்டளை வரி வரும். அங்கே ‘எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,எஃப்எஸ்டைப்’ தட்டி, வருவதைப் போனில் படம் எடுங்கள். ஒழுங்காக ஏறும் நாளில் ஈடிசி அடைவுக்குள் இருக்கும் எஃப்எஸ்டாப் கோப்பை (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதியிருப்பது) திறந்து, 2 டிபிக்கு என்ன வரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்மொன்டூல்ஸ் நிறுவி, 2 டிபிக்கு ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ ஓட்டி, ரீஅலொகேற்றட், பெண்டிங், சிஆர்சி என்ற மூன்று வரிகளின் கடைசி எண்ணைச் சொல்லுங்கள். டிஸ்க் சாகிறதா இல்லையா என்று அந்த எண்கள்தான் சொல்லும். கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கமராக்கடை (புதுக்குடியிருப்பு)

இன்று காலை அகப்பட்டது தம்பி. படத்தில் இருப்பது:

எஸ்டிஏ 1.8டி
எஸ்டிஏ1 1.8டி என்டிஎஃப்எஸ்
எஸ்டிபி 223.6ஜி
எஸ்டிபி1 1ஜி விஃபாட்
எஸ்டிபி2 222.5ஜி இஎக்ஸ்டி4

எஃப்எஸ்டாப்பில் உள்ள வரி:

/டெவ்/எஸ்டிபி1 /மீடியா/படங்கள் என்டிஎஃப்எஸ் டிஃபோல்ட்ஸ் 0 2

ரீஅலொகேற்றட் 0, பெண்டிங் 0, சிஆர்சி 41. இந்த 41 கூடாததா? 2 டிபி என்று வாங்கிய டிஸ்க் 1.8 என்று காட்டுகிறதே, அதுவும் பழுதின் அறிகுறியா?

முறிகண்டிக் கச்சான்

1.8 பழுது இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 2 டிபி என்கிறார்கள், நீங்கள் தட்டிய எல்எஸ்பிஎல்கே 1024 ஆல் கணக்குப் பார்க்கிறது. உங்கள் 240 ஜிபி 223.6 என்று தெரிவதும் அதே கணக்குத்தான்.

டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு இந்த எண்களில் அறிகுறி இல்லை. ரீஅலொகேற்றட்டும் பெண்டிங்கும் 0 என்றால் அதன் தட்டில் கெட்ட இடம் எதுவும் இதுவரை பதிவாகவில்லை. சிஆர்சி என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் போகும் தரவு வழியில் சிதைந்த எண்ணிக்கை. அநேகமாக சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது பழையதாக இருக்கும். புதுக் கேபிள் மாட்டினாலும் 41 குறையாது; மேலே ஏறாமல் நின்றால் போதும்.

இனி காலைப் பிரச்சினை. உங்கள் படத்தையும் எஃப்எஸ்டாப் வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி எஸ்டிபி1 என்கிறது. ஆனால் இன்று காலை எஸ்டிபி1 உங்கள் எஸ்எஸ்டியின் பூட் பகுதி! எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்கின் சொந்தப் பெயர்கள் இல்லை. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எதை முதலில் கண்டதோ அதற்கு ஏ, அடுத்ததற்கு பி. சங்கக்கடை வரிசையில் முதலில் வந்தவருக்கு முதல் நம்பர் மாதிரி. எஸ்எஸ்டி முந்திய நாளில் எல்லாம் சரி. ஹார்ட் டிஸ்க் முந்திய நாளில், விஃபாட் வகையான அந்த பூட் பகுதியை என்டிஎஃப்எஸ் என்று நினைத்து மவுண்ட் பண்ண, அதாவது ஓர் அடைவில் இணைக்கப் பார்த்துத் தோற்று, எமர்ஜென்சியில் போய் நிற்கிறது. உங்களுக்குப் பூட்டித் தந்தவர் ஏறியதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

அதற்குத்தான் யூயூஐடி என்ற தனி அடையாள எண். ‘சூடோ பிஎல்கேஐடி’ தட்டினால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று காட்டும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு 16 எழுத்தில் குட்டையாக இருக்கும், இஎக்ஸ்டி4க்கு இடையிடையே கோடு போட்டு நீளமாக இருக்கும். என்டிஎஃப்எஸ் என்று காட்டும் பகுதியின் 16 எழுத்து எண்ணை எடுத்து, பழைய வரிக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்:

யூயூஐடி=(அந்த எண்) /எம்என்டி/படங்கள் என்டிஎஃப்எஸ் யூஐடி=1000,ஜிஐடி=1000,நோஃபெயில் 0 0

நோஃபெயில் இருந்தால் டிஸ்க் இல்லாத நாளிலும் உபுண்டு ஏறும். அது இல்லாமல் கேபிள் கழன்றிருந்தால் 90 வினாடி காத்திருந்துவிட்டு மறுபடியும் எமர்ஜென்சிதான். யூஐடி 1000 என்பது வழமையாக முதலில் உருவாக்கிய பயனர், அதாவது நீங்கள். கடைசி 0, ஏறும்போது என்டிஎஃப்எஸ்ஸைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்வது. அடைவின் பெயர் தமிழில் இருக்கலாம், ஆனால் நடுவில் இடைவெளி வைக்க வேண்டாம். இடைவெளியை எஃப்எஸ்டாப் அடுத்த பத்தி என்று எடுத்துக்கொள்ளும்.

பழைய மவுண்டை ‘சூடோ யூமவுண்ட்’ கொண்டு கழற்றி, எம்என்டிக்குள் படங்கள் என்ற அடைவை உருவாக்கி, ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டேமன்-ரீலோட்’, பிறகு ‘சூடோ மவுண்ட் -ஏ’. பிழை ஒன்றும் வராமல், அடைவுக்குள் உங்கள் படங்களும் தெரிந்தால்தான் ரீஸ்டார்ட். இந்தச் சோதனையைத் தாண்டிப் போனால், எழுத்துப் பிழை இருந்தாலும் நோஃபெயிலால் உபுண்டு ஏறிவிடும், டிஸ்க் மட்டும் இணையாமல் நிற்கும்.

ரீட் ஒன்லிக்கு லினக்ஸ் பக்கம் வைத்தியம் தேடாதீர்கள். அது வின்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலையாக இருக்கும். வின்டோஸ் 8 இல் இருந்து, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் டிஸ்க்கைக் கழற்றினால், எழுதினால் கெட்டுவிடும் என்று லினக்ஸ் படிக்க மட்டும் விடும். பழைய கொம்பியூட்டர் இருக்கிறதா? அதில் திரும்பப் பூட்டி, பவர் ஒப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, ‘செக்டிஸ்க் /எஃப்’ ஓட்டி, முழுதாக ஷட் டவுன் பண்ணிவிட்டுக் கழற்றுங்கள்.

மல்லாவி ரீச்சர்

கச்சான் தம்பி சொன்னது சரி. ஆனால் நோஃபெயிலுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டிஸ்க் ஏறாத நாளிலும் எம்என்டிக்குள் ‘படங்கள்’ என்ற வெறும் அடைவு இருக்கும். கார்ட்டில் இருந்து படம் இறக்கும் மென்பொருளை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில்) ஓட்டினாலோ, அந்த அடைவு உங்கள் பெயரில் இருந்தாலோ, 2 டிபி என்று நினைத்து எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் கொட்டிவிடும். பிறகு டிஸ்க் ஏறியதும் அந்தப் படங்கள் மறைந்துவிடும். அழியவில்லை, மேலே டிஸ்க் மூடிக்கொண்டு நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு தவணை முழுக்க பக்கப் இப்படித்தான் போனது. எஸ்எஸ்டி நிரம்பி லொகின் பண்ண முடியாமல் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

டிஸ்க்கை மவுண்ட் பண்ணுவதற்கு முன், அடைவு வெறுமையாக இருக்கும்போதே ‘சூடோ சிஎச்ஆட்டர் +ஐ /எம்என்டி/படங்கள்’ கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த வெறும் அடைவுக்குள் ரூட்டாலும் எழுத முடியாது. டிஸ்க் ஏறினால் வழமை போல எழுதலாம்.

ஆ, யூபிஎஸ் இருக்கிறதா? கரண்ட் பட்டென்று போனாலும் என்டிஎஃப்எஸ் குழம்பும். மழை நாளில் எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பனங்காமம்

ஃபோர்மட் பண்ணச் சொன்னது, வின்டோஸ் இனித் தேவையில்லை என்று நினைத்துத்தான். நெடுங்காலத்துக்கு இஎக்ஸ்டி4தான் நல்லது என்பதில் மாற்றமில்லை.

முறிகண்டிக் கச்சான்

அதில் எனக்கும் மறுப்பு இல்லை, ஒழுங்குதான் முக்கியம். இன்னொரு டிஸ்க் வாங்கி முழுவதையும் பிரதி எடுத்து, சில படங்களைத் திறந்து பார்த்த பிறகே ஃபோர்மட். அதோடு யூயூஐடி மாறிவிடும், எஃப்எஸ்டாப்பையும் மாற்ற வேண்டும். வகை இஎக்ஸ்டி4, யூஐடி, ஜிஐடி இரண்டையும் எடுத்துவிட்டுக் கடைசி எண் 2. மவுண்ட் பண்ணியபின் ‘சூடோ சிஎச்ஓன்’ கொண்டு உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் ரூட்டுக்குத்தான் சொந்தம். இஎக்ஸ்டி4 நூற்றுக்கு ஐந்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும், 2 டிபியில் அது 100 ஜிபி. படம் மட்டும் வைக்கிற டிஸ்க்குக்கு அது வீண். ‘டியூன்2எஃப்எஸ் -எம் 0’ கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

வாங்கும் புது டிஸ்க்கைப் பிறகு வீட்டில் வையுங்கள் அண்ணை, கடையில் வேண்டாம். சனம் ஒருக்கால் தொலைத்த படங்கள் அவை.

கமராக்கடை (புதுக்குடியிருப்பு)

பழைய கொம்பியூட்டரில் பூட்டி நீங்கள் சொன்னபடி செய்தேன். செக்டிஸ்க் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. இப்போது எழுதுகிறது, பொங்கல் படங்கள் முழுக்க இறக்கியாச்சு. ரீச்சர், சிஎச்ஆட்டரும் கொடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்; உபுண்டு ஏறியது, அடைவுக்குள் எழுத விடவில்லை. இதற்கு முன் எஸ்எஸ்டியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பழைய மீடியா அடைவையும் பார்த்தேன், வெறுமைதான்.

சாட்டா கேபிள் கிளிநொச்சியில் வாங்கி மாற்றியிருக்கிறேன். சிஆர்சி 41 இலேயே நிற்கிறது. புது டிஸ்க்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், 4 டிபி. அதைப் பகுதி பிரிக்கும்போது புதிய ஜிபிடி முறை வேண்டுமா, பழைய எம்பிஆர் முறை போதுமா?

முறிகண்டிக் கச்சான்

ஜிபிடி. எம்பிஆர் 2 டிபிக்கு மேலே பார்க்காது, மிச்சப் பாதி வீணாகும்.