பள்ளி மைதானத்தில் மின்னியவர்களைத் தேடுகிறேன்

நண்பர்களே, பள்ளி நாட்களில் நம்மோடு ஓடிய, தாண்டிய திறமைசாலிகளைப் பற்றிய நினைவுகளைத் தொகுத்து வருகிறேன். உங்கள் உதவி வேண்டும்.

உசைன் போல்ட் 2002இல், 15 வயதிலேயே, உலக ஜூனியர் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றார். அது பதிவாகியிருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். நீளம் தாண்டுதலில் 20 செ.மீ. அகலப் பலகையைக் குனிந்து பார்க்காமலே மிதித்து எழும்பிய அந்த மாணவி! தொடர் ஓட்டத்தில் கடைசியாகக் கோலை வாங்கி, முன்னால் ஓடியவர்களையெல்லாம் முந்திய அந்த அண்ணன்! நால்வர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தில் கோல் மாற்ற அப்போது 20 மீட்டர் இடம்தான், இப்போது 30. அதற்குள் வேகம் குறையாமல் கைமாற்றுவது லேசான காரியமா?

பழைய புகைப்படம், சான்றிதழ், ஓடிய நேரம், தாண்டிய தூரம், எது இருந்தாலும் அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த வயதுப் பிரிவு என்றும் குறிப்பிடுங்கள். முக்கியமாக, பள்ளிக்குப் பிறகு அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்: காயமா, படிப்பா, வீட்டுச் சூழலா? சம்மதம் கேட்காமல் யாருடைய பெயரையும் வெளியிட மாட்டேன்.