கிளேக்கும் பண்ணையில நடந்து சுடுறதுக்கும் எந்த சோக்? உதவி தேவை

கோண்டாவில்பெடியன்:
வணக்கம். நான் இங்கிலாந்தில இருக்கிறன், இப்ப நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நிக்கிறன். இங்கிலாந்தில லைசென்ஸோட ஒரு பழைய பெரெட்டா 12 போர் துவக்கு வாங்கினனான், மேல ஒண்டு கீழ ஒண்டு ரெட்டைக்குழல், கழட்டிப் பூட்டுற சோக் (குழல் வாயை ஒடுக்கிற சின்னக் குழாய்) அஞ்சு, அதின்ர விளிம்பில ஒரு வெட்டில இருந்து அஞ்சு வெட்டு மட்டும் போட்டிருக்கு. ஒரு வெட்டும் ரெண்டு வெட்டும் பூட்டினபடிதான் கைக்கு வந்தது. கிளே, அதுதான் பறக்கவிடுற இலக்குத் தட்டு, சுடேக்க பட்டா தட்டு அப்பிடியே புகையாப் போகுது, ஆனா கிட்டப் போற தட்டெல்லாம் தப்புது. ஒக்டோபர் 1 பெசன்ட் (கோழி மாதிரி ஒரு வேட்டைப் பறவை) சீசன் தொடங்க ஒரு பண்ணைக்கு வரச்சொல்லியிருக்கினம், முயலும் புறாவும் இருக்காம். கிளேக்கும் பண்ணைக்கும் வேற வேற சோக் வேணுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சாவகச்சேரியார்:
தம்பி, புதுசா ஒண்டும் வாங்காதையும். வெட்டு குறையக் குறைய சோக் இறுக்கம், ஒரு வெட்டு எண்டா புல் (full, முழு இறுக்கம்), ரெண்டு முக்கால், மூண்டு அரை, நாலு கால், அஞ்சு சிலிண்டர் (ஒடுக்கமே இல்லை). புல் சோக், குழல் வாயை கிட்டத்தட்ட 1 மி.மீ ஒடுக்கும், கால் 0.25 தான். உமக்குப் பூட்டியிருக்கிறது ட்ராப் (விலகிப் பறக்கிற தட்டு) சுடுற ஆக்கள் 35, 40 யார் (கஜம்) தூரத்துக்குப் போடுறது, அதை வச்சு 20 யாரில சுட்டா சன்னம் விரியவே இடமில்லை, பட்டா தூள் படாட்டி ஒண்டுமில்லை, நீர் சொன்னது அதேதான். கீழ்க்குழலுக்கு கால், மேல்க்குழலுக்கு அரை போடும், கீழதை முதல் சுடும். பெசன்ட் எழும்பி விலகிப் பறக்கிறதால ரெண்டாவது வெடி எப்பவும் தூரம் கூடத்தான் போகும், அதுக்குத்தான் மேல இறுக்கம். கிளேக்கும் உதே காணும். ஸ்கீற் (கிட்டத்தில குறுக்கால பறக்கிற தட்டு) மட்டும் சுடுறதெண்டா சிலிண்டரைப் போடலாம். ஒவ்வொரு தட்டுக்கும் சோக் மாத்திக்கொண்டு நிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன், கவனம் முழுக்க சோக் கழட்டிப் பூட்டுற சாவியிலதான், தட்டில இல்லை.

வன்னிவயல்:
அண்ணை சொன்னது சரி. எங்கட அப்புவிட்ட பயிர்க்காவல் லைசென்ஸ் துவக்கு இருந்தது, ஒற்றைக்குழல், சோக் மாத்தேலாது, அவர் புதுத் தோட்டா வாங்கினா முதல் பெரிய பேப்பரில சுட்டுப் பாத்திட்டுத்தான் வயலுக்குக் கொண்டுபோவார். நீங்களும் 40 யாரில 30 இஞ்சி வட்டம் கீறிச் சுடுங்கோ. கணக்குப்படி புல் 70 வீதம் சன்னத்தை வட்டத்துக்குள்ள போடும், அரை 60, கால் 55, சிலிண்டர் 40, ஆனா தோட்டா மாறினா இதுவும் மாறும். தட்டு 11 செ.மீ தான், அந்தளவு வெறும் இடம் வட்டத்துக்குள்ள கிடந்தா அந்தத் தூரத்துக்கு அந்த சோக் காணாது.

கோண்டாவில்பெடியன்:
பெரிய உபகாரம் அண்ணைமார். பண்ணையில குளம் ஒண்டும் இருக்கு, தாராவும் வருமாம். அதுக்கும் உதே சோக்கோ?

சாவகச்சேரியார்:
சோக் உதுதான், தோட்டா வேற. இங்கிலாந்தில தாராவுக்கு ஈயச் சன்னம் சட்டப்படி ஏலாது, அனேகம் பேர் ஸ்டீல்தான். ஸ்டீல் ஈயம் மாதிரி நசியாது, அரையை விட இறுக்கமான சோக்கில விடாதையும். துவக்கு பழசெண்டபடியா முதல் துவக்குத் திருத்துறவரிட்டக் காட்டும், ஹை பெர்போமன்ஸ் ஸ்டீல் (அழுத்தம் கூடின ஸ்டீல் தோட்டா) போடுறதெண்டா குழலில லில்லிப்பூ முத்திரை இருக்கவேணும். இன்னொண்டு, சோக் இல்லாமல் வெறும் குழலில ஒரு வெடியும் வைக்காதையும், சோக் பூட்டுற புரி போயிடும். சுடச்சுட சோக் மெல்ல மெல்லக் கழரும், இடையில துவக்கை மடிச்சு ரெண்டு தோட்டாவையும் எடுத்திட்டு ஒருக்கா இறுக்கிப் பாரும், புரிக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசி வையும்.